மாம்பழ வாசனை பிடித்த மூக்கு

நேற்று சாயங்காலம் மகள் கைப்பேசியில் ஒரு துப்பறியும் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவனின் சட்டையை ஒருவன் முகர்ந்தான். கண்ணை மூடினான். கொன்றவன் இடதுகைக்காரன், சமையல்காரன், மூன்று நாளாகத் தூங்காதவன் என்றான். சுற்றி நின்ற போலீஸ்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். "எப்புடிக் கண்டுபுடிச்சான் பாத்தியாம்மா!" என்றாள் மகள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தத் தொடர்களில் எல்லா வேலையையும் ஒரே ஒருவனின் மூக்கோ கண்ணோ செய்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் போய் இரண்டு கேள்வி கேட்கலாமே, நீங்களே சொல்லுங்கள். அந்த மூக்கு தவறினால் என்ன ஆகும் என்றும் யாரும் காட்டுவதில்லை.

மூக்கு என்றதும் எனக்கு எங்கள் முதலாளி ஞாபகம்தான். பத்தாவது முடித்துவிட்டு, நெரவியிலிருந்து தினமும் பஸ் ஏறி, காரைக்கால் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனேன். புதுத்துணியின் கஞ்சி வாசனையும் சாம்பிராணிப் புகையும் கலந்த கடை. தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை வந்த துப்பறியும் தொடரில் முதலாளிக்கு உயிர். மறுநாள் அந்தக் கதாநாயகனாகவே கடைக்கு வருவார். நுழைகிறவரின் காலைப் பார்த்து, "செருப்புல சேறு. குரும்பகரத்துல நடவு ஆரம்பிச்சாச்சு போலருக்கே!" என்பார். வந்தவர் அசந்துபோவார். அந்த ஆளை முதலாளிக்கு இருபது வருடமாகத் தெரியும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. நானும் வீட்டுக்குப் போய்த் தம்பியின் சட்டையை முகர்ந்து பார்த்திருக்கிறேன். வியர்வையைத் தவிர ஒன்றையும் கண்டுபிடித்ததில்லை.

என்னோடு சேலைப் பகுதியில் நின்றவர் பிலோமினா அக்கா. கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. மாங்கனித் திருவிழாவில் சாமி ஊர்வலம் வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் எறிவார்கள். அதைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்த வருடம் அக்கா என் காதோடு சொன்னார். "தலைவலின்னு சொல்லிட்டுப் போறேன், நீ பாத்துக்க. மாமியாருக்கு மட்டும் தெரிஞ்சுது, மாதாவ விட்டுட்டு கோயில் பழத்துக்குப் போயி நின்னியான்னு வீட்ட விட்டே தொரத்திடும்."

ஒரு மணி நேரத்தில் முந்தானை கசங்கத் திரும்பி வந்தார். கடைக்குப் பின்னால் தண்ணீர்க் குடங்களுக்கு இடையில் குந்தி, பழத்தைத் தோலோடு தின்றார். கொட்டையைத் தூக்கி எறிய மனமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. தாளில் மடித்து என் பையில் வைத்தார்.

அன்று மாலை, கல்யாண வீட்டுக்கென்று எடுத்துவைத்த அரக்கு நிறப் பட்டுச்சேலையைக் காணோம். முதலாளி எங்களை வரிசையாக நிறுத்தினார். அக்காவுக்கு முன்னால் வந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"தலைவலின்னுட்டுப் போன. கையில மாம்பழ வாசன. முந்தானையில கறை. கூட்டத்துல யார்ட்ட குடுத்த சேலைய?"

"மாதா சத்தியமா நான் எடுக்கலங்க."

"அப்ப எங்க போன? சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தார். முதலாளியும் திரும்பினார். "ஏம்மா, ஒனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியலங்க" என்றேன்.

ரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். நாலு பேர் முன்னால் எனக்குக் குரலே வராது. அவர் சேலையை எடுக்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கு மாம்பழத்தைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

அக்காவை அப்போதே வேலையை விட்டு அனுப்பினார்கள். பஸ் அரசலாற்றுப் பாலத்தில் போகும்போது, கொட்டையைத் தாளோடு ஜன்னல் வழியாக எறிந்தேன். என் பையை முதலாளி முகரவே இல்லை.

பத்து நாள் கழித்து, சேலைக்குக் குஞ்சம் கட்டுகிறவர் அதே பட்டோடு வந்து நின்றார். "திருவிழாவன்னிக்குக் காலையில நீங்கதான குடுத்தீங்க மொதலாளி, மறந்துட்டீங்களா?" முதலாளி தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா மாம்பழ வாசன நெசந்தானே?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அக்காவின் வீடு கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். போனபோது அங்கே வேறு குடும்பம் குடியிருந்தது.

கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். திருவிழாவில் மாம்பழங்கள் இன்னும் பறக்கின்றன. நான் அந்தப் பக்கம் போவதில்லை. அக்காவுக்கு அந்தப் பழம் பலித்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லக்கூடியவர்கள் ஒருவரும் இப்போது அந்தத் தெருவில் இல்லை.