நாத்தனாரோடு சதுரகிரி ஏறிய நாள்

தை அமாவாசைக்குக் கம்பெனி லீவு. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்கு எங்களைத் தினமும் ஏற்றிப்போகும் வேனையே பேசிக்கொண்டு, ஆமத்தூர்ப் பெண்கள் பத்துப் பேர் சதுரகிரி மலைக்குக் கிளம்பினோம். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் என் நாத்தனாரும் வருகிறாள் என்பது வேனில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. என் கணவரின் தங்கை. மூன்று வருடமாக எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் வேலையிடத்தில் பட்டாசு மருந்து தீப்பிடித்து என் வலது கால் வெந்துபோனது. ஒரு மாதத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தெருவே வந்து பார்த்தது. அடுத்த தெருவில் இருந்த அவள் மட்டும் வரவில்லை. வீடு திரும்பிய பிறகு நானும் அவள் வாசல் பக்கம் போகவில்லை.

தாணிப்பாறையில் வனத்துறைக்காரர்கள் பைகளைச் சோதித்துத் தீப்பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "நாங்க ஒட்டுன பெட்டியவே எங்ககிட்ட பறிக்கீகளே" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டே ஏறத் தொடங்கினோம்.

முட்டிக்குப் பின்னால் எனக்கு வெந்த தோல் சுருங்கி இழுத்துப் பிடித்திருக்கும். சமதரையில் அவ்வளவாகத் தெரியாது. செங்குத்தான பாறையில் காலை நீட்டி ஊன்ற முடியவில்லை. மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் நாத்தனார் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"நீ போகலையா?"

"மதினிய விட்டுட்டு நான் மட்டும் ஏறி என்ன செய்ய?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "ஆஸ்பத்திரிக்கு வழி தெரியல. மலைக்கு மட்டும் தெரியுதாக்கும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வந்தேன் மதினி. ரெண்டு மட்டம் வந்தேன். அவுகளக் கெடத்தியிருந்த அதே வார்டு. வாசல்லயே அந்த வாட அடிச்சிச்சு. கால் உள்ள போகல. கொண்டாந்த இட்லிய நர்சம்மாட்ட குடுத்துட்டு வந்துட்டேன்."

எனக்கு அடிபடுவதற்கு முன்பே அவள் கணவர் வெடி விபத்தில் கருகி, அந்த வார்டில்தான் இறந்துபோனார். அப்போது அவளைப் பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான். என் வலியில் அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல தாயி?"

"எந்த மொகத்தோட சொல்ல?"

இரண்டு பேரும் அழுதோம். அவள் பையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து, கேட்காமலேயே என் சேலையை முட்டிவரை ஒதுக்கினாள். யார் கண்ணிலும் படாமல் நான் மறைத்துவைத்திருந்த தழும்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள். சுருங்கிய தோல் மெல்ல இளகியது.

பிறகு அவள் ஒரு படி மேலே நின்று கை கொடுத்தாள். ஏறினோம். நாலடிக்கு ஒரு தரம் நின்றோம். மூன்று வருடத்துக் கதையும் பேச இருந்தது. அவள் மகள் நர்சிங் சேர்ந்திருப்பதையே அங்கேதான் கேள்விப்பட்டேன். ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகி, கீழே கண்மாய்களும் தென்னந்தோப்புகளும் தெரிந்தன. "எம்புட்டு ஒசரம் வந்துட்டோம் பாத்தீகளா!" என்று அவள் கத்தினாள்.

உச்சிவேளை தாண்டி மேலே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்னே போனவர்கள் எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் நகர்ந்து இடம்விட்டு, அன்னதானச் சோற்றை எங்கள் இலையிலும் வாங்கி வைத்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தன் மகளோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். மீன் குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லிக்கொண்டே இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டாள்.