என் எட்டுக்கு அளந்த பாதை

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கந்தர்வக்கோட்டைப் பக்கம் சர்வேயராக இருந்தேன். காலையில் பஸ் ஏறி ஏதாவது ஒரு கிராமத்தில் இறங்கினால் பொழுது சாயும்வரை முந்திரிக்காட்டுக்குள்ளும் கண்மாய்க் கரையிலும் அளவுச் சங்கிலியோடு நடக்க வேண்டும். ஒரு வரப்புக்காக இரண்டு பங்காளிகள் கத்திக்கொண்டே பின்னால் வருவார்கள். வீடு திரும்பும்போது கால்கள் என்னுடையவை போலவே இருக்காது. அதற்கு மேல்தான் தண்ணீர் இறைத்து, உலை வைத்து, மனைவியைக் கொல்லைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அந்த வருஷம் அவளுக்கு வந்த காய்ச்சல், போகும்போது இடது காலின் பலத்தையும் கொண்டுபோய்விட்டது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடமாடுவாள். கக்கூஸ் கொல்லைக் கோடியில் இருந்தது. அடுப்படி வாசலிலிருந்து அறுபது அடி. நடுவில் வாழை, முருங்கை, கத்தரிப் பாத்தி, மற்றபடி வெறும் செம்மண். மழை பெய்தால் எனக்கே வழுக்கும். நான் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கை வேலையை முடித்துவிட்டு வரும்வரை காத்திருப்பாள். யாரையும் கூப்பிடக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். "யாரையும் எதிர்பாக்காம ஒரு நடை நானாப் போயிட்டு வந்துட்டாப் போதுங்க" என்று ஒரு நாள் சொன்னாள். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

கக்கூஸ் வரைக்கும் கல் பாவிவிடுவதென்று முடிவு செய்தேன். அப்போது சிமெண்டுக்குக் கட்டுப்பாடு, பர்மிட்டுக்கு எழுதிப்போட்டு இரண்டு மூட்டை வாங்கினேன். ஆசாரி ஒருவர் இரண்டடிக்கு ஓரடியில் வேப்பம்பலகைச் சட்டம் அடித்துக் கொடுத்தார். மூலையில் கொக்கி. கழற்றினால் சட்டம் விரிந்து கல் தனியாக நிற்கும், மறுபடி மாட்டி அடுத்த கல்லை வார்க்கலாம். "உள்பக்கம் எண்ணெய் தடவாமக் கொட்டிறாதீங்க சார், சிமிட்டி பலகையக் கவ்விக்கிரும்" என்றார். முதல் நாளே மறந்தேன். கல் இரண்டாக உடைந்துதான் வெளியே வந்தது.

ஒரே சட்டம் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு கல். இரண்டு சட்டமாக அடிக்கச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைய களைப்பில் மூளை அவ்வளவு தூரம் ஓடவில்லை. விடிந்ததும் முந்தின நாள் கல்லைக் கழற்றி ஈரச் சாக்குப் போட்டு மூடுவேன். ஜல்லியும் மணலும் சிமெண்டும் கலந்து சட்டத்தில் கொட்டி, கரண்டியால் குத்தி, மேலே மட்டம் தட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். சாயங்காலம் கல்லுக்கெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன தம்பி, இன்னைக்கும் ஒத்த இட்லிதானா?" என்று கேட்பார். எனக்குச் சிரிக்கத் தெம்பு இருக்காது.

இருபத்து நான்கு கல் சேர்ந்தது. பாவுகிற அன்று எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. என் நடையில் ஓர் எட்டு இரண்டரை அடி. காட்டிலும் மேட்டிலும் அது பிசகாது. சங்கிலி வைத்து அளக்கும் முன்பே நான் எட்டு வைத்துச் சொன்ன நீளத்தை ஊர்க்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். அதே பழக்கத்தில் அடுப்படி வாசலிலிருந்து எட்டு வைத்து நடந்தேன். கால் பட்ட இடமெல்லாம் சுண்ணாம்புப் பொட்டு, பொட்டுக்கு ஒரு கல். சரியாக இருபத்து நான்காவது எட்டில் கக்கூஸ் வாசல் வந்தது. சிமெண்டும் மிச்சம். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவளைக் கூப்பிட்டேன். கம்பை ஊன்றி வந்து முதல் கல்லில் வலது காலை வைத்தாள். அடுத்த கல்லுக்குக் காலை எட்டிப் போட்டபோது, இழுத்து வந்த இடது கால் இரண்டு கல்லுக்கும் நடுவில் இறங்கி, விரல் கல்லின் விளிம்பில் இடித்தது. இன்னொரு தடவை முயன்றாள். மூன்றாவது கல்லில் தடுமாறி வாழையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திரும்பிவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு மாசமா இடுப்பு ஒடியுது எனக்கு! கால ஒழுங்கா வச்சு நடந்தா என்ன?" என்று கத்தினேன்.

அவள் கம்பை ஊன்றி நின்றாள். "நீங்க நடக்கிறதுக்குப் போட்டிருக்கீங்க. நான் எப்படி நடக்கிறேன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. தினமும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வருவாள். வேலை முடிந்து சீக்கிரம் படுக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். அன்று நான் வெட்கப்பட்டது போல எந்த மேலதிகாரி முன்னாலும் வெட்கப்பட்டதில்லை.

மறுநாள் முற்றத்தில் மணலைப் பரப்பி அவளை நடக்கச் சொன்னேன். அடிக்கோலை வைத்து அளந்தேன். அவள் எட்டு பதினோரு அங்குலம். இடது கால் தரையை விட்டு எழும்பவே இல்லை, மணலில் நீளமாகக் கோடு இழுத்திருந்தது. கல்லுக்குக் கல் இடைவெளியே இல்லாமல் மட்டமாகப் பாவினால்தான் அவளால் போக முடியும்.

பாவிய கல்லையெல்லாம் தோண்டி எடுத்து நெருக்கிப் போட்டேன். முருங்கை மரத்தடியிலேயே தீர்ந்துவிட்டது. இன்னும் முப்பத்தாறு கல் வேண்டும். மறுபடி பர்மிட், மறுபடி சட்டம், மறுபடி ஒரு நாளைக்கு ஒன்று. சட்டமும் என்னைப் போலவே கோணிப்போயிருந்தது. ஒவ்வொரு கல்லையும் விளிம்பு தேய்த்து ஒட்ட வைக்க வேண்டியிருந்தது. நடுவில் ஐப்பசி மழை வேறு. உண்மையைச் சொன்னால், எனக்கு அலுத்துவிட்டது. அந்தச் சட்டத்தை அடுப்பில் போட்டுவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். அந்த நாட்களில் அவள் முருங்கை வரைக்கும் தானாகப் போய், அங்கே நின்று என்னைக் கூப்பிடுவாள். அந்தக் குரல் வந்துகொண்டிருந்தவரை சட்டத்தை அடுப்பில் போட முடியவில்லை.

கடைசிக் கல் பாவிய அன்று, குத்தவைத்து இடுக்கில் மணல் திணித்துக்கொண்டிருந்தேன். பின்னால் கம்புச் சத்தம் கேட்டது. பழக்க தோஷம், எழுந்து கையை நீட்டினேன்.

"வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அங்கிட்டு நகருங்க" என்று அதட்டினாள்.

முழங்கால் நோவோடு கத்தரிப் பாத்திக்குள் இறங்கி நின்றேன். நீட்டிய கை அப்படியே இருந்தது. அவள் அதைப் பிடிக்காமல் என்னைத் தாண்டிப் போனாள்.