வயிற்றைக் காட்டி எடுத்த ஸ்கேன்

மலேசியாவின் ஜோகூரில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, கிளினிக் கவுண்டரில் இருக்கும் பெண் எல்லோர் காதிலும் விழும்படி "சாக்கிட் அப்பா?" என்று கேட்பது. என்ன நோய் என்று அர்த்தம். பக்கத்தில் பத்துப் பேர் நிற்பார்கள். எனக்கு விரையில் கட்டி. சொல்ல வாய் வரவில்லை; அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினேன். வயிற்றைத்தான் ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று தாள் கொடுத்தார்கள். வயிற்றில் இருக்காதே!

அந்தத் தாளைத்தான் துறையூரில் இருக்கும் என் மனைவி செல்விக்குப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டி இருப்பது அவளுக்கு மட்டும் தெரியும். தினமும் போனில் அழுதவள் அன்று சிரித்தாள். அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை. போகப் போக நானே அதை நம்பத் தொடங்கினேன், மடையன். என் அப்பாவுக்கும் விரைவீக்கம் இருந்தது. வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு கடைசிவரை வேலைக்குப் போனார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. வெறும் நீர்தான் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கும் நீராகத்தான் இருக்கும் என்று நான் வேலை செய்யும் தெப்ராவ் தொழிற்சாலையில் மூன்று மாதம் பலகை தூக்கினேன். கட்டி கல்லாக இறுகியது.

இன்று காலை பெரிய மருத்துவமனையில் மறைக்காமல் சொல்லிவிட்டேன். ஸ்கேன் எடுத்தவர் துடோங் என்ற முக்காடு அணிந்த மலாய்ப் பெண். மறைக்க வேண்டியதைத் துணியால் மறைத்து, அடியில் துண்டை மடித்து வைத்து, நோயில்லாத பக்கத்தை முதலில் பார்த்தார். பிறகு மற்றதை. "ஆயிர்?" என்றேன், தண்ணீரா என்று. தலையசைத்து மறுத்தார். நீராக இருந்தால் திரையில் கறுப்பாகத் தெரியுமாம். என்னுடையது சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தியதும் கட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடுவது தெரிந்தது. "அபாங் டத்தாங் சென்டிரி?" என்று கேட்டார், தனியாகவா வந்தீர்கள் என்று. தைரியத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

டாக்டர் இந்த ஊர்த் தமிழர். "அண்ணே, இது விரைக்குள்ளயே வளர்ந்த கட்டி. கேன்சரா இருக்கும்னு சந்தேகப்படறோம். இந்த வாரமே அந்த விரைய எடுத்துடணும். குணப்படுத்தலாம்லா, ஆனா ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க?"

"வெட்கம் சார்."

எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. இனிப் பிறக்குமா என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

வராந்தாவுக்கு வந்தபோது செல்வி வீடியோவில் கூப்பிட்டாள். சமயபுரம் கோயில் வாசலில் நின்றிருந்தாள். இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தல் முழுக்கப் போய், மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தாள்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு வந்துச்சுல்ல, அதான் வேண்டுதல முடிச்சுட்டேன். எப்படிங்க இருக்கேன்?"

"அழகா இருக்க" என்றேன். அங்கே எனக்கு நோய் தீர்ந்து, அம்மனுக்குக் காணிக்கையும் செலுத்தியாயிற்று. இங்கே ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டு நர்ஸ் தாளை நீட்டினார். போனை இடது கையில் பிடித்துச் சிரித்துக்கொண்டே, வலது கையால் கையெழுத்துப் போட்டேன்.