மார்லிஸிடம் ‘காணோம்’ என்று சொல்லக்கூடாது

சூரியகாந்தி விதையைக் கடித்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டு, மார்லிஸ் ஹாகன் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: “காணோம்கிறது இருக்கட்டும். எங்கெங்க தேடிச்சு?”

எங்கள் வடக்கு டகோட்டா வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. ஒரு புரோகிராம் ஓட வேண்டுமென்றால் ‘லைப்ரரி’ என்ற துணைக் கோப்புகள் சில வேண்டும். அவற்றைத் தேட வேண்டிய இடங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் இல்லாத இடத்தில் கோப்பு குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தாலும், ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று புரோகிராம் சாதிக்கும். நாங்கள் கம்ப்யூட்டரைத் திட்டுவோம். மார்லிஸ் எங்களைத் திட்டுவார். “கோப்பு எங்கயும் ஓடிப் போகல. வெச்சவங்க வெச்ச இடத்தைச் சொல்லல, அவ்வளவுதான்.”

போன ஏப்ரலில், ஆற்று மட்டம் கணிக்கும் புரோகிராம் இப்படித்தான் நின்றது. முந்தைய நாள்தான் புது லைப்ரரியை ஏற்றியிருந்தோம். மார்லிஸ் பல் டாக்டரிடம் போயிருந்தார். மேலாளர் கார்வினுக்குப் பொறுக்கவில்லை. புதியதைத் தேடினால் பழையது கிடைக்கும்படி, பழைய லைப்ரரிக்குப் புதியதன் பெயரில் ஒரு இணைப்புப் போட்டுவிட்டார். புரோகிராம் வாயை மூடிக்கொண்டு ஓடியது. ஆறு முப்பத்து நான்கு அடிவரை ஏறும் என்றது. நார்ஹோல்ட் ஊரின் கரை முப்பத்தாறு அடி. பயமில்லை என்று ஊருக்குச் செய்தி போயிற்று.

மத்தியானம் வந்த மார்லிஸ், புரோகிராம் எந்தக் கோப்பை எங்கிருந்து எடுக்கிறது என்று பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“இது யார் வேலை?”

“அதான் ஓடிச்சுல்ல, மார்லிஸ். ஓடுறதை ஏன் நோண்டுற?” என்றார் கார்வின்.

“பழசு மேல புதுப் பேரை ஒட்டினா அது புதுசாயிடுமா? இதுக்கு உறைஞ்ச மண்ணுன்னா என்னன்னே தெரியாது. உருகுற பனியையெல்லாம் மண்ணு குடிச்சிடும்னு நெனைச்சுக்கிட்டிருக்கு. வெளிய போய் ஒரு குச்சியைக் குத்திப் பாரு, இறங்குதான்னு.”

எனக்கும் கொதித்தது. என் மேல்தான் அதிகம். கார்வின் இணைப்புப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவன் நான்.

புது லைப்ரரி ஏற்றிய இடத்திலேயே இருந்தது. பட்டியலைப் புதுப்பிக்க ஒரு கட்டளை உண்டு, ஒரே வார்த்தை. அதை எங்களில் யாரும் கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை அடிக்க வணங்காத கைகளை நம்பித்தான் அந்த ஊர் தூங்குகிறது. மார்லிஸ் இணைப்பை அழித்தார், கட்டளையைக் கொடுத்தார், மறுபடி ஓட்டினார். நாற்பது நிமிடம் ஓடியது. வியாழக்கிழமை காலை, முப்பத்தேழரை அடி என்றது. மணல் மூட்டை அடுக்க ஒன்றரை நாள் இருந்தது.

“திருத்தம்னு ஒரு மெயில் தட்டிவிட்டுடலாம்” என்றார் கார்வின்.

மார்லிஸ் போனை எடுத்தார். நார்ஹோல்ட் மேயரின் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்ததும் ரிசீவரைக் கார்வினின் கையில் திணித்துவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை கதவை மறித்துக்கொண்டு நின்றார்.