என் எதிரில் மட்டும் வராத தெலுங்கு

காலேஜ் குரூப்பில் ஒருத்தி கேள்வி போட்டாள்: டென்த் படித்த உன்னை இப்போது பார்த்தால் என்ன சொல்வாய்? பதில்கள் கொட்டின. அமீர்பேட் கோச்சிங்கில் சேராதே. அந்த ஹேர்கட் நக்கோ, வேண்டவே வேண்டாம். நானும் மொக்கையாக ஒரு ஜோக் அனுப்பினேன். நிஜமாகச் சொல்ல வேண்டியதை டைப் பண்ணி அழித்துவிட்டேன்.

அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வேலைக்காகத் தெலுங்கு பேசும் இந்த ஊருக்கு வந்தவர்; ராமச்சந்திராபுரத்தில் ஃபேக்டரி வேலை. டென்த்தில் ஒரு நாள் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தார். ஸ்கூல் கேட்டில் வாட்ச்மேனிடம், வண்டியை உள்ளே விடலாமா என்று தெலுங்கில் கேட்டார். தெலுங்கில் வண்டிக்குப் 'பண்டி'. 'பஸ்'ஸில் வருகிற 'ப' வர வேண்டும். அப்பா வாயில் 'பல்'லில் வருகிற 'ப'தான் வரும். அப்படிச் சொன்னால் தெலுங்கில் பன்றி என்று அர்த்தம்.

"பன்னியா அங்கிள்? கயிறு போட்டுக் கட்டிட்டீங்களா?" என்று தெலுங்கில் கேட்டான் என் ஃப்ரெண்ட். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். நான் அப்பா கேட்டதை அதே இழுவையோடு திரும்பச் சொல்லிக் காட்டினேன், அவர் முன்னாலேயே. செம கைதட்டல். அப்பாவும் சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிப்போய் ரோட்டோரம் நிறுத்தினார்.

வீட்டுக்குப் போகும்போது சொன்னேன்: "எப்பா, இனிமே என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி தெலுங்கு பேசாத. மானம் போகுது."

"சரிடே, பேசல."

ஃப்ரெண்ட்ஸ் முன்னால் என்றுதான் சொன்னேன். அவர் நான் இருக்கிற எல்லா இடத்திலும் நிறுத்திவிட்டார். மெடிக்கல் ஷாப்பில்கூட என் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வார். நான் தெலுங்கில் கேட்டு வாங்குவேன். பெரிய மனுஷன் ஆகிவிட்டேன் என்று அப்போது கெத்தாக வேறு இருந்தது. கேவலம்.

இந்த செமஸ்டரில் அட்டெண்டன்ஸ் குறைந்து, அப்பாவைக் கூட்டி வரச் சொன்னார்கள். ஹெச்.ஓ.டி. தெலுங்கில் பொரிந்து தள்ளினார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"என்னல சொல்லுதாரு?"

அவருக்கு எல்லாமே புரிந்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் குற்றப்பத்திரிகையை நானே மொழிபெயர்த்தேன். "கொஞ்சம் கிளாஸ் மிஸ் ஆயிடுச்சாம்பா."

"இத்தனை வருஷமா இங்க இருக்கார், தெலுங்கு வராதா?" என்றார் ஹெச்.ஓ.டி. அப்பா பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார். ஹெச்.ஓ.டி. என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லிக் குடுத்திருக்கலாமே?"



அங்கே தந்த லெட்டரை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பார்க்கிங்குக்குப் போனேன். அப்பா முதுகைக் காட்டி நின்று ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். தெலுங்கில். அவ்வளவு வேகமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. ஷிஃப்டுக்கு லேட்டாக வந்த யாரையோ வாரிக்கொண்டிருந்தார். மாமனார் வீட்டில் விருந்தா, கோழி நடந்து வந்து இலையில் ஏற லேட்டாகிவிட்டதா என்று கேட்டார். உச்சரிப்பு பாதி தப்புதான். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அப்பாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். இப்படி ஒரு ஆள் எங்கள் வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது.

திரும்பியவர் என்னைப் பார்த்தார். சட்டென்று குரலை இறக்கி ஃபோனை வைத்துவிட்டார்.

"பேசுப்பா, நான் வெயிட் பண்றேன்."

"ஃபேக்டரிப் பயதான். பொறவு பேசிக்கிடுதேன். ஏறு."

நான் ஏறவில்லை. "எப்பா, நான் இருந்தாலும் தெலுங்கு பேசு. இப்பல்லாம் சிரிக்க மாட்டேன்."

அப்பா ஹெல்மெட் வாரை மாட்டினார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"உன் முன்னாடி எதுக்குடே தெலுங்கு? நமக்குத்தான் தமிழ் இருக்குல்லா."

பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.