வாசல் வரைக்கும்

செண்பகனூர் வீட்டில் மனிதர்களைவிட நாற்காலிகள் அதிகம். எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிகள், கட்சிக்காரர் யாரோ வாங்கிப் போட்டவை. என் வீட்டுக்காரர் டெல்லியில் இருக்கும் நாட்களில் அவ்வளவும் காலியாகக் கிடக்கும். அவர் வந்துவிட்டால் எனக்கு உட்கார ஒன்று மிஞ்சாது. எம்.பி. வீட்டம்மாவாக நான் வாழ்ந்த வாழ்க்கை எப்படி என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நான் பிறந்தது கவுஞ்சி, வாழ்க்கைப்பட்டது பூண்டி. இரண்டும் கொடைக்கானலுக்கு மேலே இருக்கும் மேல்மலை ஊர்கள். மாமனார் பூண்டு போட்டு, மூட்டையை லாரியில் வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பி மகனைப் படிக்க வைத்தவர். மகன் பழனியில் சித்தப்பா வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் முடித்து, மதுரையில் சட்டம் படித்து, கொடைக்கானல் கோர்ட்டில் வக்கீலானார். கறுப்புக் கோட்டைப் போடுவதற்கு முன்னால் வெள்ளனே எழுந்து பூண்டுக் காட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். வழக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பீஸுக்குப் பதிலாக கேரட் மூட்டையை இறக்கிவிட்டுப் போவார்கள். எங்கள் காட்டிலேயே கேரட் கிடக்கும்போது இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவரைத் திட்டிக்கொண்டே மாட்டுக்குப் போடுவேன்.

பட்டா, காட்டெருமை, லாரி வாடகை என்று மேல்மலைக்காரர்களுக்காகப் பேசிப் பேசி அவருக்குப் பேர் வந்தது. கட்சியில் சீட்டுக் கொடுத்தார்கள். நின்றார், ஜெயித்தார். மாலையும் வேட்டுமாக வீடு நிறைந்திருந்த அந்த நாளில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"இனிமே பூண்டை யாரு ஊன்றது?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

பழனியிலிருந்தும் மற்ற சமவெளி ஊர்களிலிருந்தும் மனுவைத் தூக்கிக்கொண்டு பூண்டி வரைக்கும் ஏறிவந்தால், அன்றைக்கே வீடு திரும்ப பஸ் கிடைக்காது. அதனால் கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் ரோட்டுக்குக் கீழே, சரிவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். டவுன் பஸ் வாசலிலேயே நிற்கும். நிலத்தை அவருடைய பங்காளி ஒருவரிடம், விளைச்சலில் பங்கு என்று பேசி, வாரத்துக்கு விட்டோம். மகள் கோயம்புத்தூரில் வாழ்கிறாள். நான் நாற்காலிகளோடு இருந்தேன்.

அவர் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜனங்கள் வருவார்கள். எம்.பி.யின் வேலை எது, எம்.எல்.ஏ.யின் வேலை எது, கவுன்சிலரின் வேலை எது என்றெல்லாம் அவர்களுக்குக் கணக்குக் கிடையாது. ஜெயித்தவன் எல்லாம் ஒன்றுதான். தெருவிளக்கு எரியவில்லை, பாஸ்போர்ட் வரவில்லை, பழனியில் ரயில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் படி இறங்கி வருகிற பக்தர்களுக்கு வசதி, மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். எல்லாவற்றுக்கும் எங்கள் வாசல்தான். அவருக்கு உதவியாளராகப் பழனிக்காரர் ஒருவர் இருந்தார். நாற்பது தாண்டிய, அதிர்ந்து பேசாத மனிதர். என்னை அக்கா என்பார். மனுக்களை அவர் வாங்கி வைப்பார், நான் டீ போடுவேன்.

வருகிறவர்கள் போனபின் மத்தியானத்துக்கு மேல் மூடுபனி சரிவில் ஏறிவந்து ஜன்னலை அடைத்துக்கொள்ளும். பழனிக்காரரும் கடைசி வேலையை முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அப்புறம் டிவிதான். நாடாளுமன்றத்தைக் காட்டும் சேனலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை புரியாது. அவர் பின்வரிசை, கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போது ஒரு தோளோ ஒரு காதோ தெரியும். ஒரு தடவை எழுந்து தமிழில் பேசினார். மேல்மலையில் காட்டெருமை இறங்கி வெள்ளாமையை மிதிப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பூண்டுக்கு வரும்போது மைக்கை நிறுத்திவிட்டார்கள். மைக் நின்றது தெரியாமல் அவர் இன்னும் கொஞ்சம் பேசினார். வாய் மட்டும் அசைந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அந்தக் காட்டில் நானும் நின்றவள்தானே. சாயங்காலம் போன் போட்டார்.

"பாத்தியா? நல்லாப் பேசுனேனா?"

"காலர் மடங்கிக் கெடந்துச்சு. அங்க பாத்துச் சொல்ல ஆளு இல்லையா?"

 "இல்ல" என்றார். அவரும் என்னைப் போலத்தான் அங்கே இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஊர் விசேஷங்களுக்கு அவர் வர முடியாதபோது நான் போக வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ சாவோ, எம்.பி. தலையைக் காட்டவில்லை என்றால் அடுத்த தேர்தல் வரைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். கவுஞ்சியில் என் சொந்தச் சித்தி மகள் வீட்டுக் கல்யாணம். பந்திக்கு வெங்காயம் உரிக்கிற கூட்டத்தில் போய் உட்காரலாம் என்று ஆசையாகப் போனேன். விடவில்லை. முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் தனியாக உட்கார வைத்தார்கள். எனக்கு இரண்டு பக்கமும் காலி. பின்னால் என்னோடு கேரட் பிடுங்கிய பெண்கள் எல்லாம் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சந்தனம் கொடுக்க வந்த மதினி, "மாமாட்ட சொல்லி நம்ம சின்னவனுக்கு ஒரு வேல..." என்று ஆரம்பித்தாள். சந்தனத்தைத் தடவிக்கொண்டே தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்தது. கல்யாண வீட்டில் எம்.பி. வீட்டம்மா அழுதால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள், அதனால் அழவில்லை.

என் வீட்டுக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. அது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். டீ டம்ளரோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து நான் கண்டுகொண்டது. நடக்கிற காரியம் என்றால் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "சரி சரி, போங்க, பேசுறேன்" என்று எரிந்து விழுவதைப் போலச் சொல்லி, மனுவை மடித்துச் சட்டைப்பையில் சொருகிக்கொள்வார். வந்தவர்கள் முகம் சுண்டிப் போய்க் கிளம்புவார்கள். அந்த வேலை முடிந்துவிடும். முடியாத காரியம் என்றால் பேனாவை வைத்துவிட்டு முழுதும் கேட்பார். எழுந்திருப்பார். கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். பேசிக்கொண்டே வாசல் வரைக்கும் வந்து, தானே கேட்டைத் திறந்து வழியனுப்புவார். இது நடிப்பு இல்லை. இவர்களுக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாதே என்ற வருத்தம் அவருக்கு உண்மையாகவே உண்டு. அதுதான் அவரை அவ்வளவு தூரம் நடக்க வைக்கும்.

கவுஞ்சிப் பெரியவர் ஒருவர் சாயங்கால பஸ் கேட்டு வந்தார். அந்த ரோட்டில் அந்த நேரத்துக்கு இன்னொரு பஸ் விடமாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் விசாரித்து வைத்திருந்தார். பெரியவரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். துண்டை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்த பெரியவருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"ஏந்தாயி, பெரிய மனுசன் வாசல் வரைக்கும் வந்தாருல்ல! பஸ்சு வந்த மாதிரிதான்."

நான் என்ன சொல்ல? இன்னொரு டீ குடிச்சுட்டுப் போங்க என்றேன். இப்படி எத்தனையோ பேர் சந்தோஷமாகப் படியேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல அந்த மலையில் எனக்கு ஓர் ஆள் கிடையாது.

அடுத்த தேர்தல் பேச்சு கிளம்பிய சமயத்தில் பங்காளி போன் செய்தார்.

"மதினி, இந்த வருசத்தோட நான் காட்டை விட்டுர்றேன். முட்டி வலி, ஏறி எறங்க முடியல. வெதைப்பூண்டு ஊன்றதுக்குள்ள அண்ணன்கிட்டக் கேட்டு ஒரு முடிவு சொல்லுங்க. ரிசார்ட்டுக்காரன் ஒருத்தன் வேற காட்டைச் சுத்திப் பாத்துட்டுப் போயிருக்கான்."

போனை வைத்ததும் என் மனசு தெளிந்துவிட்டது. இவர் மறுபடி தேர்தலில் நிற்க வேண்டாம். இருக்கிற காலத்தை முடித்துக்கொண்டு பூண்டிக்கு வரட்டும், அதுவரை நான் முன்னால் போய்க் காட்டைப் பார்க்கிறேன். இதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். போனில் சொல்கிற விஷயம் இல்லை. அவர் வருவதற்காகக் காத்திருந்தேன்.

வந்தார். பழனியில் ஒரு கூட்டம் முடித்து, கூடவே ஒரு கார் நிறைய ஆட்களோடு வந்தார். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், "என்னங்க, காட்டைப் பத்தி ஒண்ணு பேசணும்" என்றேன். போன் அடித்தது. சோற்றில் கையை வைத்தபடியே யாரோ ஒரு கலெக்டரோடு பேசி முடித்தார். காரில் கூடவே போனால் பேசலாம் என்று ஏரிப் பக்கம் நடந்த திறப்பு விழாவுக்குப் போனேன். முன்னால் டிரைவர், அவர் பக்கத்தில் உதவியாளர். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் தலை என் தோளில் விழுந்துவிட்டது. அவ்வளவு களைப்பு. எழுப்ப மனசு வரவில்லை. இறங்கும்போது, "என்னமோ சொல்ல வந்தியே, காலைல பேசுவோம்" என்றார்.

காலையில் எழுந்து பார்த்தால் வாசல் பெஞ்சு நிறைந்திருந்தது. மத்தியானம் அவர் மதுரைக்கு இறங்கி விமானம் ஏற வேண்டும். அடுப்படியில் டீ கொதிக்கிறது, எனக்குள்ளும் கொதிக்கிறது. அடுப்பை அணைத்தேன். சேலையைச் சரிசெய்துகொண்டு போய்ப் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பஜார் கடைக்கார பாய் பதறிப்போய், "அம்மா, நீங்க போய் இங்க..." என்று எழுந்தார். "உக்காருங்க பாய், உங்களுக்குப் பின்னாடி நானு" என்றேன். பாயின் மனு என் வீட்டுக்காரர் சட்டைப்பைக்குள் போனது. கொடுத்து வைத்தவர்.

என் முறை வந்தது. மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டே கேட்டார்.

"சொல்லுங்கம்மா, என்ன ஊரு?"

"பூண்டிங்க."

"என்ன விசயமா வந்தீங்க?"

"வீட்டுக்காரரு டெல்லியில இருக்காருங்க. வீட்ல ஆளு இல்லைங்க."

நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதை முதலில் பார்த்தவர் பழனிக்காரர்தான். அவர் மெல்ல மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தானும் போய்விட்டார்.

"பங்காளி காட்டை விட்டுர்றேங்கிறாரு. வெதைப்பூண்டு ஊன்றதுக்குள்ள முடிவு சொல்லணும். நீங்க மறுபடி நிக்க வேணாம். இது முடிஞ்சதும் வந்துருங்க, ரெண்டு பேருமாப் பாப்போம். எனக்கு இங்க தனியா இருக்க முடியல. ஒரு வார்த்தை பேச ஆளு இல்ல. உங்களுக்கும் அங்க ஆளு இல்லன்னு எனக்குத் தெரியும்."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அப்புறம் அவர் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். எரிந்து விழ வேண்டும் என்று அப்படி ஏங்கினேன். சரி சரி, போ, பேசுறேன் என்று தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். வாழ்நாளில் ஒரு புருஷனிடம் எந்தப் பெண்ணும் இப்படி ஒன்றை எதிர்பார்த்திருக்கமாட்டாள்.

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். எழுந்தார். சுற்றி வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. கட்டாயம் பண்ணுவோம். கட்சிக்காரங்ககிட்டப் பேசிட்டு, ஒரு நல்ல நேரம் பாத்து..."

கண் கலங்கியிருந்தது. உண்மையாகத்தான் கலங்கியிருந்தது. கையை விடாமல் பேசிக்கொண்டே நடந்தார், நானும் கூட நடந்தேன். வாசலைத் தாண்டினோம். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். படியேறியதும் கேட்டின் கொண்டியை அவரே எடுத்தார், நான் வெளியே வந்தேன். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

என் வீட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். திரும்ப உள்ளே போய் டீயை அடுப்பில் ஏற்றலாம். கால் போகவில்லை. டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, மஞ்சப்பையில் மனுவோடு ஒரு பெண் வந்தாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

"எம்.பி. உள்ள இருக்காராக்கா? நீங்களும் மனு குடுக்கத்தான் வந்தீங்களா?"

"ஆமா."

"போன காரியம் ஆயிருச்சா?"

"வாசல் வரைக்கும் வந்தாரு" என்றேன்.

"அப்பறம் என்னக்கா, முடிஞ்ச மாதிரிதான்!" என்று எனக்காகச் சந்தோஷப்பட்டுவிட்டு அவள் படி இறங்கினாள். நான் பூண்டி பஸ்ஸுக்கு நடந்தேன்.