இரண்டாவது பேப்பர்

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுக்கிறேன். பத்தொன்பது வருஷமாகிறது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான் ‘கரண்டு வைக்கிற அக்கா’. அந்த மிஷின் யாருக்கும் கரண்டு வைப்பதில்லை, நெஞ்சுக்குள் ஏற்கெனவே ஓடுகிற கரண்டைத்தான் எழுதிக் காட்டுகிறது என்று ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பிறகு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் விடுவதில்லை. “பட்டனை அமுக்கினா பேப்பர் வருது, இதுல என்ன இருக்கு” என்று யாராவது கேட்டால், உட்கார வைத்து இரண்டாவது பேப்பரைப் பற்றிச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

மாரடைப்பு என்று ஒருவர் வந்தால் முதல் வேலை ஈ.சி.ஜி. இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயை ரத்தக்கட்டி அடைத்திருந்தால், சமமாக ஓட வேண்டிய கோடு மேடு தட்டி நிற்கும். உடனே கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வலி குறையும். கூட வந்தவர்கள் நிம்மதியாகக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். ஆனால் ஊசி கேட்டதா இல்லையா என்பதை வலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வலிக்கென்று தனியாக ஒரு மருந்தும் உள்ளே போயிருக்கும். ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டாவது பேப்பர் எடுத்துப் பார்க்க வேண்டும். மேடு பாதிக்காவது இறங்கியிருந்தால் குழாய் திறந்திருக்கும், ஆள் தேறிவிடுவார் என்று நம்பலாம். இறங்கவில்லை என்றால் அடைப்பு இன்னும் இருக்கிறது. மதுரைக்கு அனுப்பி, கம்பி விட்டுத் திறக்க வேண்டும். அதையும் தாமதிக்காமல் செய்ய வேண்டும்.

ஆக, ஒரு மனிதர் இங்கேயே படுத்திருக்கலாமா, மதுரைக்கு ஓட வேண்டுமா என்பதை அந்த இரண்டாவது பேப்பரை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். இரண்டு பேப்பரையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே இடத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். தோலை உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் பல்பு ஆறு நெஞ்சில் வைப்போம்; பல்புக்கு ஒரு கோடாகப் பேப்பரில் விழும். ஒரு விலா எலும்பு கீழே இறங்கிவிட்டாலும் கோட்டின் உயரம் மாறிவிடும். அதனால் முதல் பேப்பர் எடுத்தவுடன் ஆறு இடத்திலும் நீல மார்க்கரால் புள்ளி வைப்பேன். எங்கள் ஆஸ்பத்திரியில் அதை ஆரம்பித்தவள் நான்தான். நர்ஸுகள், “என்னக்கா, கோலத்துக்குப் புள்ளி வைக்கிறீங்களா” என்று கேலி செய்தார்கள். பிறகு நான் லீவில் போகும் நாளில் அவர்களே புள்ளி வைத்தார்கள். எனக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, மம்சாபுரத்து ஆட்டு வியாபாரி ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வாட்டசாட்டமான ஆள். சந்தைக்குக் கிளம்பும்போது நெஞ்சைக் கரித்திருக்கிறது. வாயு என்று நினைத்து ஒரு சோடா குடித்திருக்கிறார். அது கேட்கவில்லை என்று இன்னொரு சோடா. அப்புறம்தான் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. அவர் மனைவி ஓர் ஆட்டோவை நிறுத்தி அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு சோடாவோடு நின்றதே என்று எனக்குச் சந்தோஷம். நாலு சோடா வரை போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பேப்பர் எடுத்தேன். நெஞ்சின் முன்பக்கத்துக் கோடுகள் நாலும் மேடு தட்டி நின்றன. டியூட்டி டாக்டர் சின்னப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் பதறுகிற ஜாதி இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டு, கையெழுத்து வாங்கி, உடனே ஊசியை ஆரம்பித்துவிட்டார். நான் ஆறு புள்ளியும் வைத்துவிட்டு, வெளியே வரிசையில் காத்திருந்தவர்களைக் கவனிக்கப் போனேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் நெஞ்சில் புள்ளியைக் காணோம். பல்பு இழுத்த சிவப்பு வட்டம்கூட இல்லை. நெஞ்சு பளபளவென்று இருந்தது, திருநீறு வேறு. யார் துடைத்தது என்று கேட்டேன். மனைவி ஒளிக்காமல் சொன்னார். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்திருக்கிறார்.

“வெட்டுக்குப் போற ஆட்டுக்குத்தான் தாயி இப்பிடிப் புள்ளி வைப்பாக. எங்க யாவாரத்துல நெதம் பாக்கிறேன். இவுக நெஞ்சுல அதப் பாத்துக்கிட்டு எப்பிடி உக்காந்திருப்பேன்?”

அவர் சொன்னது நியாயம்தான். சந்தையில் ஆடு விலை படிந்ததும், வாங்கியவர் தன் அடையாளத்துக்கு அதன் முதுகில் சாயப் புள்ளி வைப்பார். புள்ளி விழுந்த ஆடு வீடு திரும்பாது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ நெஞ்சில் புள்ளி வைத்த எனக்கு அப்படி ஓர் அர்த்தம் தோன்றியதே இல்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிரித்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. புள்ளி இல்லையென்றால் கழுத்தெலும்புக்குக் கீழிருந்து விலா எலும்பை விரலால் தடவி எண்ணி, நாலாவது இடைவெளியைப் பிடித்து, அங்கிருந்து பல்பு வைக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு வெளியே வரிசை நீண்டு கிடந்தது. போதாததற்கு, எனக்கு இதெல்லாம் எண்ண வேண்டுமா என்ற கொழுப்பு. கண்மதிப்பில் வைத்துப் பட்டனை அமுக்கினேன்.

பேப்பர் அழகாக வந்தது. மேடு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் அதை வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஊசி நன்றாக வேலை செய்திருக்கிறது, பயப்பட வேண்டாம், இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளங்கையில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. பிறகு வராந்தாவுக்குப் போய் சொந்தக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார்.

கேஸ் ஷீட்டில் வைப்பதற்காக இரண்டு பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மேடு இறங்கியது சரி. ஆனால் முதல் பேப்பரில் புல் மாதிரிக் குட்டையாக நின்ற மூன்றாவது கோட்டின் துடிப்பு முனை, இதில் கம்பு மாதிரி உயர்ந்து நின்றது. ஊசி மேட்டை இறக்கும். அடிபட்ட இருதயச் சதையை ஒன்றரை மணி நேரத்தில் கம்பாக நிமிர்த்தாது. கோடு அப்படி மாறியிருக்கிறது என்றால் மாறியது இருதயம் இல்லை, நான் பல்பு வைத்த இடம்தான். மேடு உண்மையில் இறங்கியதா என்று இந்தப் பேப்பரை வைத்துச் சொல்ல முடியாது.

அந்த ஒரு நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். டாக்டர் சந்தோஷமாக இருக்கிறார். வராந்தாவில் அந்த அம்மா, “ஒண்ணும் பயமில்லையாம், நீங்க ஒருத்தரும் வர வேணாம்” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறார். தப்பு நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். புள்ளியைத் துடைத்தது அவர்தானே என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது. வெட்கமாக இருந்தது. புள்ளி வைத்துப் பேர் வாங்கியவள், எல்லோருக்கும் பாடம் எடுத்தவள், என் வாயால் எப்படிச் சொல்வது? இருந்தாலும் பேப்பரோடு டாக்டரிடம் போனேன்.

“மேடம், இந்தப் பேப்பர் தப்பு. நான் எண்ணாம வச்சிட்டேன், எடம் மாறிருச்சு. இத நம்பாதீங்க, மறுபடி எடுக்கேன்.”

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எதுவும் திட்டவில்லை. “எடுங்கக்கா” என்றார்.

எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒவ்வொரு விலா எலும்பாக எண்ணி வைத்தேன். பேப்பர் வந்தது. மூன்றாவது கோடு பழையபடி குட்டை. மேடும் பழையபடி மேடு. கால்வாசிகூட இறங்கவில்லை. டாக்டர் அதைப் போனில் படம் பிடித்து மதுரைக்கு அனுப்பினார். உடனே கிளப்பி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. ஆம்புலன்ஸும் வாசலுக்கு வந்துவிட்டது.

இப்போது ஆட்டு வியாபாரி அண்ணாச்சி கிளம்ப மாட்டேன் என்றார். வலியே இல்லை, மூச்சு நன்றாக இருக்கிறது, சற்று முன்னால் சரியாகிவிட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், வேண்டுமானால் நாளைக்கு வீட்டுக்குப் போகிறேன், மதுரைக்கெல்லாம் வர மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். மனைவியும் குழம்பிப்போய் எங்களை மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் ரத்தக்குழாய், அடைப்பு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அண்ணாச்சி காதில் ஏறவில்லை. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் சந்தேகப்பட்டதற்குக் காரணமே என் பேப்பர்தான் என்பது என்னைக் குடைந்தது.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். “அண்ணாச்சி, சந்தையில ஆடு நல்லா சத்தமா கத்துதுன்னு வாங்கிருவீகளா?”

அவர் முறைத்தார். “முதுகப் பிடிச்சுப் பாக்காம எவன் வாங்குவான்?”

“நான் பிடிச்சுப் பாத்துட்டேன். மொதல்ல எடம் தப்பிப் பிடிச்சேன், அது என் தப்பு. இப்பச் சரியாப் பிடிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன். உள்ள சரியில்ல. கெளம்புங்க.”

அவர் கட்டிலை விட்டுவிட்டு, ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொன்னார்.

அனுப்புகிற ஃபைலில் அந்தத் தப்பான பேப்பரை வைக்க வேண்டாம், மதுரையில் குழம்புவார்கள் என்று ஒரு நர்ஸ் சொன்னார். கிழித்துப் போடச் சொல்வதுபோல்தான் அது. நான் கிழிக்கவில்லை. அதன் மேல், ‘இடம் தவறி எடுத்தது, இதைக் கொள்ள வேண்டாம்’ என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டு வைத்தேன். சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். மதுரையில் பார்த்தபோது குழாய் முழுக்க அடைத்துத்தான் இருந்திருக்கிறது. திறந்துவிட்டார்கள். ஆள் நன்றாக இருக்கிறார். அதைக் கேட்டதும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து அவர் மறுபரிசோதனைக்கு வந்தார். உடம்பு இளைத்திருந்தது, குரல் பழைய குரல். கையில் மதுரையில் கொடுத்த ஃபைல். அதற்குள் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட அந்தப் பேப்பரும் இருந்தது. அவர் அதை எடுத்து என்னிடம் நீட்டி, இது நீங்கள் எழுதியதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்காவது தெரிந்திருக்குமா என்று கேட்டார். தெரிந்திருக்காது என்றேன்.

அவர் அந்தப் பேப்பரை மடிக்காமல் திரும்ப ஃபைலுக்குள் வைத்தார்.

“முப்பது வருசமா யாவாரம் பண்ணுதேன் தாயி. எத்தன சந்தை, எம்புட்டு ஆளு. என் ஆட்டுக்கு நோவு இருக்கு, இத வாங்காதன்னு சொன்ன ஒருத்தன நான் இன்னைக்கு வரைக்கும் பாத்ததில்ல.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுப் படுங்கள் என்று மட்டும் சொன்னேன். அன்று ராஜபாளையம் வந்து சேரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிடும்போது இன்னொரு தடவை சொன்னேன். இதைத்தான் அப்பவே சொல்லிவிட்டாயே என்றார். தெரியும், பேசாமல் கேளுங்கள் என்று சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.